தாள் இருநூற்றுப் பதினான்கு

பிளாட் ஆறு பாதி உறைந்த பிப்ரவரி.
நீதிமன்றத்து ஹீட்டர் அதைவிடக் குளிர்ச்சி.
கோட்டைக் கழற்றாமலே எழுந்தேன்,
ஆசிரியர் சங்கத்து வக்கீல்,
கையில் இருபது கோடு போட்ட ஒரு தாள்.

கோட்டுக்கு ஒரு பெயர்.
பெயருக்கு நான்கு டாலர்,
போட்டவருக்கு அல்ல,
போடவைத்தவனுக்கு.

ஏழாம் கோட்டில் லோர்னா வெசெலி.
ஐந்தாம் வகுப்பு, பத்தொன்பது வருடம்.
'கேள்வியை இரண்டு முறை வாசி' என்று
பலகை மூலையில் எழுதி
அழிக்காமலே வைத்திருப்பவள்.
மளிகைக்கடை வாசலில்
ஒரு கையில் பால் கேன், ஒரு கையில் கார் சாவி.
'டீச்சருங்க சம்பளத்தைக் கூட்டத்தான்' என்றான் பையன்.
ஒரு முறைகூட வாசிக்கவில்லை அவள்.
அட்டைக்குப் பின்னே மடித்திருந்த பத்தியில்
அவளுடைய சங்கம் இனிமேல்
பேச்சுவார்த்தை மேசையில் உட்காரக் கூடாது என்று இருந்தது.

கூண்டில் இதைச் சொல்கையில்
அவள் கழுத்து சிவந்தது.
அவளிடம் படித்த இருவர் அந்த அறையில் இருந்தார்கள்.
ஒருவன் எதிர்த்தரப்பின் குமாஸ்தா.
குனிந்து எதையோ எழுதிக்கொண்டே இருந்தான்.

அடுத்து அந்தப் பையன்.
டெவின் ப்ரண்டிஜ், இருபத்திரண்டு வயது,
விலாசம் என்ற இடத்தில் ஒரு காரின் நிறம்.
'இவை யாவும் என் கண்முன் இடப்பட்டவை'
என்ற வரிக்குக் கீழே அவன் பெயர்.

கண்முன்தானா?
'பாத்ரூம் போயிருந்தேன், மேடம்.
அட்டையை ட்ராலி மேல வச்சுட்டு.
வந்து பார்த்தா பதினொண்ணு கூடியிருந்தது.'
பதினொன்றுக்கும் பணம் வாங்கினீர்களா?
'நாப்பத்தி நாலு டாலர்.'
விரல் விடாமல் சொன்னான்.
நாலாம் வாய்ப்பாட்டை
யாரோ ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

அத்தோடு உட்கார்ந்திருக்கலாம். ஜெயித்தாயிற்று.
வாய் கேட்கவில்லை:
பாத்ரூம் போக உங்களுக்கு இடைவேளை உண்டா?
சம்பந்தமில்லாத கேள்வி என்றது எதிர்த்தரப்பு.
ஆமாம் என்றார் நீதிபதி.
சம்பந்தமில்லைதான்.
லோர்னாவின் ஒப்பந்தத்தில் பதினான்காம் ஷரத்து அது:
மதியம் முப்பது நிமிடம், தனக்கே தனக்கு.
அதற்கு ஒன்பது மாதம் பேசினோம்.

நீதிபதி ஹோல்ம்க்விஸ்ட் ஒரு பழைய கட்டைப் பிரித்தார்.
தூசி பறந்தது. வாசித்தார்:
'ஓர் எழுத்து விடுபட்டதற்காக
ஒரு மனிதரை அடித்துவிடுவது
சிவப்பு மையின் ஆணவம்.'
மூன்று வருடத்துக்கு முன் எழுதியது யார், வக்கீலம்மா?

நான்தான்.
அன்று எங்கள் மனு. தெருப் பெயரைச் சுருக்கியதற்காக
அறுநூறு பெயர்களை அடித்திருந்தார்கள்.

இன்று?
இன்றும் நான்தான், ஐயா.
அன்று வாசித்துப் போட்டவர்களுக்காக நின்றேன்,
இன்று வாசிக்க விடப்படாதவர்களுக்காக.

சொன்னபோது நன்றாகத்தான் இருந்தது.
குமாஸ்தாகூட நிமிர்ந்து பார்த்தான்.

ஆனால் மூன்றாம் கோட்டில்
ஹேரல்ட் ஸ்டுக்கி இருந்தார்.
எங்களுக்கு எதிரானவர். சோள விவசாயி.
பத்தியை விரித்து, கண்ணாடி போட்டு,
முழுக்க வாசித்து, அதையே விரும்பி,
நடு இனிஷியலோடு நிதானமாகப் போட்டவர்.
சாட்சி பொய்த்தால் தாள் முழுதும் செல்லாது.
தாள் விழுந்தது.
அவரும்.

தாழ்வாரத்தில் காத்திருந்தார்.
'என் கையெழுத்துல என்ன தப்பு?'
ஒன்றுமில்லை என்றேன்.
'அப்புறம்?'

அதற்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது.
பக்க எண்ணோடு தெரியும் எனக்கு.
அவர் கையுறையின் ஒவ்வொரு விரலாக
மாட்டி முடிக்கும்வரை நின்றேன்.
வெளியே படிகளில் யாரோ உப்புத் தூவியிருந்தார்கள்.
லோர்னா காரிலிருந்து ஒரு முறை ஹாரன் அடித்தாள்.